புவியியலுக்கு எந்த ‘கீ’? கைடு, பிடிஎஃப், அரசு விடைக்குறிப்பு, சொந்தமாக எழுதியது: எதை எப்போது திறப்பது

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மா அப்பாக்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சமூக அறிவியலுக்கு எந்த கைடு வாங்கலாம்? வரலாறு, குடிமையியல், பொருளியல் என்றால் ஏதோ ஒரு பேரைச் சொல்லி அனுப்பிவிடலாம். புவியியலுக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் புவியியல் மொத்தம் ஏழே பாடம்தான், ஆனால் அந்த ஏழுக்குள் எண் கேட்கிற கேள்வி, காரணம் கேட்கிற கேள்வி, வேறுபடுத்தச் சொல்கிற கேள்வி, வரைபடத்தில் குறிக்கச் சொல்கிற கேள்வி என்று நாலு சாதி இருக்கிறது. நாலுக்கும் ஒரே விடைப்புத்தகத்தை ஒரே மாதிரி திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு ஒன் மார்க்கில் முழுசாக வரும், ஐந்து மதிப்பெண்ணில் பாதி போகும், மேப்பில் காவிரியைக் கொண்டுபோய் பாலாறு ஓடுகிற இடத்தில் வரைந்துவிட்டு வரும்.

அதனால் ‘எந்த கைடு’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, விடை கிடைக்கிற இடங்கள், அதாவது பிள்ளைகள் ‘கீ’ என்று சொல்பவை, என்னென்ன, ஒவ்வொன்றும் எந்த வகைக் கேள்விக்குத் தேறும் என்று பார்த்துவிடலாம்.

முதலில் கடையில் விற்கிற கைடு. எல்லோரும் திட்டுகிறார்கள், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நான் திட்டப்போவதில்லை. பாடத்தின் கடைசியில் இருக்கிற ‘புக் பேக்’ கேள்வி அத்தனைக்கும் பாட வரிசையில் விடை இருக்கும், ஒரே கையில் அடங்கும், கரண்ட் போனாலும் படிக்கலாம். அதைவிட முக்கியம், அதில் எழுதியிருக்கிற மொழி பாடப்புத்தகத்தின் மொழி, திருத்துகிற ஆசிரியருக்குப் பழகிய மொழி. குறை என்னவென்றால், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து பாயிண்ட், இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு பாயிண்ட் என்று நறுக்கி வைத்திருப்பார்கள். நறுக்கும்போது முதலில் போவது ‘ஏனென்றால்’, ‘அதனால்’ என்கிற இணைப்புகள்தான். புவியியலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது டெலிகிராம், வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிற பிடிஎஃப். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே ‘முழு விடை’ என்று ஒன்று வந்துவிடும். வேகம் அதன் ஒரே பலம். யார் தயாரித்தது, எந்த வருஷப் பாடப்புத்தகத்தை வைத்துத் தயாரித்தது என்று எங்கேயும் போட்டிருக்காது, மூன்று வருஷத்துக்கு முந்தையதை முதல் பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பினாலும் நமக்குத் தெரியாது. திருப்புதல் தேர்வு எழுதிவிட்டு வந்து ஒன் மார்க் எத்தனை தேறும் என்று எண்ணிப் பார்க்க இது போதும். படிப்பதற்கு வேண்டாம்.

மூன்றாவது, விடைத்தாள் திருத்துகிறவர்களுக்காகத் தயாரிக்கப்படும் விடைக்குறிப்பு. பொதுத்தேர்வு முடிந்ததும் திருத்தும் முகாம்களுக்குப் போவது இதுதான், அதற்கப்புறம் இணையத்திலும் பரவும். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இன்னும் வசதி, ஒவ்வொரு வருஷமும் மாதிரி வினாத்தாளோடு மதிப்பெண் பகிர்வுத் திட்டத்தையும் வாரியமே தன் தளத்தில் போட்டுவிடுகிறது. இதைப் பலர் கைடு மாதிரி உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள், அது வீண் வேலை. இது மாணவனுக்காக எழுதியதே இல்லை, திருத்துகிறவர் எதற்கு எத்தனை மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்கிற தாள். அப்படிப் படித்தால்தான் உதவும்: தலைப்புக்கு எவ்வளவு, விளக்கத்துக்கு எவ்வளவு, மேப்பில் ஒரு இடத்துக்கு எவ்வளவு. ஒரு முறை இதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்காது.

நாலாவது, பிள்ளையே பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற விடை நோட்டு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை, எல்லா நேரத்துக்கும் இல்லை. நேரம் விழுங்கும். டிசம்பருக்குள் பாதிப் பாடமாவது முடித்திருந்தால்தான் பிரயோஜனம், ஜனவரியில் திருப்புதல் தேர்வு ஆரம்பித்தபின் புதிதாக நோட்டுப் போட உட்காருவது தற்கொலை.

போனில் செயலியிடம் கேட்பது என்று இப்போது ஐந்தாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அது சொல்கிற விடை பல நேரம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நம் பாடப்புத்தகத்தின் விடையாக இருக்காது. புரியாததை விளக்கச் சொல்லலாம், கேள்வி கேட்கச் சொல்லலாம். விடைத்தாளில் எழுதுவதற்கான விடையை அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

சரி, இப்போது கேள்வி வகைகளுக்கு வருவோம். எண்ணில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் ‘சார், இந்த கீயில ஒண்ணு போட்டிருக்கு, அந்த கீயில வேற போட்டிருக்கு’ என்று பிள்ளைகள் அதிகம் வந்து நிற்பது இதற்குத்தான். இரண்டு கீ முரண்படும்போது ஒன்று தப்பு என்று உடனே முடிவு கட்டத் தேவையில்லை. இந்தியாவின் பாலின விகிதம், அதாவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது, ஒரு கீயில் 940, இன்னொன்றில் 943 என்று இருக்கும். இரண்டுமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். முதலில் வெளிவந்த தற்காலிகக் கணக்கில் 940, பிறகு வந்த இறுதிக் கணக்கில் 943. தமிழ்நாட்டுக்கும் இதே கதை, 995 ஆக இருந்தது 996 ஆனது, எழுத்தறிவு 80.33 சதவீதத்திலிருந்து 80.09 ஆனது. பழைய கைடைப் பார்த்துப் புதுக் கைடு, புதுக் கைடைப் பார்த்து பிடிஎஃப் என்று எழுதிக்கொண்டே வந்தால் தற்காலிகக் கணக்கு சாகாமல் உயிரோடு சுற்றும்.

கடற்கரை நீளம் இன்னும் சுவாரசியம். இந்தியாவுக்கு 7,516.6 கிலோமீட்டர் என்றுதான் தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். இப்போது மத்திய அரசின் திருத்திய கணக்கு 11,098.81 கிலோமீட்டர். நாடு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை, இன்னும் நுணுக்கமான அளவுகோலில் அளந்தார்கள், முன்பு நேர்கோடாக விட்டுவிட்ட சின்னச் சின்ன வளைவு, முகத்துவாரம் எல்லாம் கணக்கில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் கடற்கரை மத்திய அரசின் பழைய கணக்கில் 906.9, புதுக் கணக்கில் 1,068.69, மாநில அரசு வழக்கமாகச் சொல்வது 1,076. இதில் எதை எழுதுவது? கையில் இருக்கிற பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை. திருத்துகிறவர் கையில் இருக்கப்போவதும் அந்தப் புத்தகம்தான். மற்றதைப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால், வருஷத்தோடு குறித்து வைக்கலாம், பின்னால் போட்டித் தேர்வுக்கு உதவும்.

மாநில எண்ணிக்கையில் இந்தச் சலுகை கிடையாது, பழையது பழையதுதான். 2014 ஜூனில் தெலங்கானா பிரிந்தபின் 29 மாநிலம். 2019 அக்டோபர் 31-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களானதும் 28 மாநிலம், 9 யூனியன் பிரதேசம். 2020 ஜனவரி 26-ல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக்கப்பட்டதும் 28, 8. தமிழ்நாட்டு மாவட்டங்களும் 2019 வரை 32, இப்போது 38. கைடு புதுசா பழசா என்று சோதிக்க அட்டையில் போட்டிருக்கிற வருஷத்தை நம்பாதீர்கள், இந்த இரண்டு எண்ணைப் புரட்டிப் பாருங்கள். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

கேள்வியில் இருக்கிற ஒரு சொல்லைப் பொறுத்து விடை மாறுவதும் உண்டு. தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர், அது கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். இந்தியாவின் தென்கோடி என்றால் நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை, நிலப்பகுதியின் தென்கோடி என்றால் கன்னியாகுமரி. கீயில் விடையை மட்டும் பார்த்துப் படிக்கிறவன் இந்த இடங்களில்தான் விழுவான். இந்தியாவின் உயரமான சிகரத்துக்கு சில கீயில் 8,611 மீட்டர் உள்ள கே2, சிலதில் 8,586 மீட்டர் உள்ள கஞ்சன்ஜங்கா என்று இருப்பதற்கும், கே2 நிற்கிற பகுதி பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருப்பதுதான் காரணம். இங்கேயும் பாடப்புத்தகம் சொல்வதே தீர்ப்பு.

ஒன் மார்க்குக்கு கீயை எப்போது திறப்பது என்றால், உடனே திறக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரே ஒரு நிபந்தனை: ‘ஆ’, ‘இ’ என்று எழுத்தை மனப்பாடம் செய்யக் கூடாது, தப்பான மூன்று விடைகளையும் விடக் கூடாது. மேற்கு நோக்கிப் பாயும் ஆறு எது என்று கேட்டு கோதாவரி, நர்மதை, மகாநதி, கிருஷ்ணா என்று கொடுத்திருந்தால் கீயில் நர்மதை என்று ஒரு சொல்தான் இருக்கும். மற்ற மூன்றும் எங்கே போய்ச் சேர்கின்றன? வங்காள விரிகுடா. நர்மதை மட்டும் ஏன் மாறி ஓடுகிறது? விந்திய, சாத்பூரா மலைகளுக்கு நடுவில் இருக்கிற பிளவுப் பள்ளத்தாக்கு வழியாக ஓடுகிறது. ஒரு கேள்வியைப் படித்து நாலு கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி ஆயிற்று.

இனி காரணம் கேட்கிற கேள்வி. கைடு அதிகமாகக் காலை வாருவது இங்கேதான், அதனால் ஒன்றை முழுசாகவே பார்த்துவிடலாம். ‘தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு குறைந்த மழை பெறுவது ஏன்?’ கீயில் பெரும்பாலும் இருப்பது ஒரு வரி: தமிழ்நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. சரியான விடைதான். அப்படியே எழுதினால் மதிப்பெண்ணும் வரலாம். ஆனால் அந்த வரியைப் படித்த பிள்ளையிடம் ‘மழை மறைவுன்னா என்னடா?’ என்று கேளுங்கள், ‘மழை மறைஞ்சிருக்கும் சார்’ என்பான்.

அதற்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. மலை குறுக்கே நிற்கிறது, மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, ஈரம் சுருங்கி மழையாகிறது, அது மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்சக் காற்று கிழக்குப் பக்கம் இறங்கும்போது சூடாகிறது, உலர்ந்துபோகிறது, நமக்கு மழை இல்லை. இந்த வரிசையில் கடைசிக் கண்ணியை மட்டும் கீ கொடுக்கிறது. வரிசை தெரிந்த பிள்ளையிடம் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பயமில்லை. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாரில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்வது ஏன்? அது மலைமேல், ஈரக்காற்று ஏறுகிற இடத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு பருவக்காற்றிலும் மழை பெறுவது எப்படி? அதன் மேற்குப் பக்கம் காற்றை மறைக்க மலை இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றாயிற்றே, அது ஏன் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சோழமண்டலக் கரையில் மட்டும் இப்படிக் கொட்டுகிறது? வங்காள விரிகுடாவைத் தாண்டி வருகிற வழியில் ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. கூற்று, காரணம் என்று கொடுத்து இரண்டும் பொருந்துமா என்று கேட்கிற ஒன் மார்க் கேள்விகளும் இந்த வரிசையை வைத்துத்தான் வருகின்றன.

ஆகவே காரணக் கேள்விக்கு கீயை முதலில் திறப்பது கண்டிப்பாகக் கூடாது. முதலில் புத்தகத்தை மூடிவிட்டுத் தெரிந்ததைத் தாளில் எழுத வேண்டும், நாலு வரி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கீயைத் திறந்து வேறு நிறப் பேனாவால் குறிக்க வேண்டும்: இரண்டிலும் இருப்பது, கீயில் இருந்து என்னிடம் இல்லாதது, என்னிடம் இருந்து கீயில் இல்லாதது. மூன்றாவது வகையைப் பிள்ளைகள் கூச்சப்பட்டு அடித்துவிடுவார்கள், அடிக்க விடாதீர்கள். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பல நேரம் பிள்ளை எழுதியது சரியாக இருக்கும், கைடு எழுதினவர் இடம் பத்தாமல் விட்டிருப்பார்.

இதற்கு ‘நேரம் இல்லை சார்’ என்று பதில் வரும். உண்மைதான், எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்ய முடியாது. ஒரு பாடத்துக்கு மூன்று காரணக் கேள்வி போதும். காலநிலைப் பாடத்துக்கு மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மண்ணில் ஆரம்பித்துப் பயிர், காடு என்று பின்னால் வருவது பாதி அதன் தலையில்தான் நிற்கிறது.

வேறுபடுத்துக கேள்விக்கு கைடே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இடது பக்கம் அகலத்தைப் பற்றி, வலது பக்கம் மண்ணைப் பற்றி என்று கோணல்மாணலாக அட்டவணை போட்டிருக்கிற கைடு நிறைய உண்டு. கிழக்கு, மேற்குக் கடற்கரைச் சமவெளிகளை வேறுபடுத்தும்போது நடுவில் அகலம், ஆறுகள், டெல்டா என்று ஒரு நெடுவரிசையைப் பென்சிலால் எழுதிக்கொண்டால் அது நேராகிவிடும்.

மேப்புக்கு கைடு சுத்தமாக உதவாது என்று நான் சொல்வேன், கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறேன். கைடில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேப் இருக்கும், ஆறு, மலை, துறைமுகம், சுரங்கம் எல்லாவற்றையும் அதிலேயே திணித்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. பார்த்து அடையாளம் தெரிவது வேறு, வெறும் அவுட்லைன் மேப்பில் பேனாவை வைப்பது வேறு. மேப்புக்கான கீ பாடப்புத்தகத்தில் இருக்கிற மேப்தான், அதுவும் ட்ரேசிங் பேப்பர் வழியாக. செய்முறை சுலபம்: புத்தக மேப்பின் எல்லையையும் கேட்ட இடங்களையும் ட்ரேசிங் பேப்பரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு அவுட்லைனில் பிள்ளை பார்க்காமல் குறிக்கட்டும். பிறகு ட்ரேசிங்கை மேலே வைத்துப் பாருங்கள். எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும், யாரும் திருத்தித் தர வேண்டியதில்லை.

குறிக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இந்தியா மேப்பில் கடகரேகை 23°30′, திட்டத் தீர்க்கரேகை 82°30′ இரண்டையும் முதலில் லேசாகப் போட்டுக்கொண்டால் அவை சத்தீஸ்கரில் வெட்டிக்கொள்ளும், மேப் நாலு கட்டமாகிவிடும், அதற்குள் எதை எங்கே வைப்பது என்று பிடிபடும். தமிழ்நாட்டு ஆறுகளுக்குக் கடல் பக்கத்திலிருந்து போங்கள். வடக்கேயிருந்து இறங்கினால் கொற்றலையாறு, கூவம், அடையாறு, பாலாறு, கடலூர்ப் பக்கம் தென்பெண்ணை, அப்புறம் கொள்ளிடம், காவிரி, கீழே வைகை, இன்னும் கீழே தாமிரபரணி. முகத்துவாரத்தை முதலில் புள்ளி வைத்துவிட்டு மலையை நோக்கி ஆற்றை இழுத்தால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் போய் உட்காராது. காவிரிக்கு மேட்டூர், ஈரோடு, திருச்சி என்று மூன்று புள்ளி வைத்து இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

குரூப் 4 தேர்வுக்காக இதே புத்தகங்களைப் படிக்கிற பெரியவர்கள் சிலர், ‘அரசு கீயில் போட்டிருந்தால் அதுதானே இறுதி’ என்று கேட்பார்கள். டிஎன்பிஎஸ்சி முதலில் உத்தேச விடையைத்தான் வெளியிடுகிறது, தேர்வர்கள் ஆதாரத்தோடு ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்கிறது, அதற்கப்புறம்தான் இறுதி விடை. அங்கேயே அப்படி என்றால் குழுவில் வருகிற பிடிஎஃப்பை என்னவென்று சொல்வது. ஆட்சேபம் எழுதுகிறவர் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைத் தேட வேண்டும், அந்தத் தேடல் பள்ளிப் பிள்ளைக்கும் நல்ல பழக்கம். கீயில் சந்தேகம் வந்தால் பக்க எண்ணை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, போனில் வைத்துத் தேடலாம்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளை பாஸ் ஆனாலே போதும் என்ற நிலையில் இருந்தால் ஒரே ஒரு கைடு, புது வருஷத்தது, அதோடு ஒரு கட்டு அவுட்லைன் மேப். சொந்த நோட்டுப் போடச் சொல்லி வதைக்காதீர்கள். ஒன் மார்க்கையும் மேப்பையும் முதலில் பிடித்துவிட்டால் தைரியம் வரும். 60, 70 எடுக்கிற பிள்ளைக்குக் கைடு இருக்கட்டும், ஆனால் காரணக் கேள்விக்கு மட்டும் எழுதிவிட்டுத் திறக்கிற முறை, கூடவே ஒரு வருஷத்து அரசு விடைக்குறிப்பைப் பார்த்து மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். 90-க்கு மேல் குறி வைக்கிற பிள்ளைக்கு டிசம்பர் வரை சொந்த விடை நோட்டு, ஜனவரியிலிருந்து பழைய வினாத்தாள், கைடு வெறும் ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு கைடு, மூன்று கைடு வாங்குவது யாருக்கும் தேவையில்லை, அவை ஒன்றோடொன்று முரண்படும்போது தீர்க்கத் திரும்பப் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும்.

வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு வருகிற அம்மா அப்பாவால் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க முடியாது, தெரியும். அப்படியானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தாளை மாற்றித் திருத்தச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு பாடம், கீ திருத்துகிறவர் கையில் மட்டும் இருக்கட்டும். அக்காவோ அண்ணனோ விட்டுப்போன பழைய கைடு வீட்டில் கிடந்தால் அதையும் எடைக்குப் போட வேண்டாம். பென்சிலைக் கையில் கொடுத்துப் பழசாகிப்போன எண்களைப் புதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும், மக்கள்தொகைப் பாடத்திலேயே நிறைய மாட்டும்.